விளம்பரம் வந்தால் ஒரு லிஃப்ட்

1. டிவிக்கு முன்னால்

"டீச்சர், விளம்பரம் வந்துடுச்சு!"

எங்கள் வார்டில் யாராவது ஒருவர் இப்படிக் குரல் கொடுத்தால் போதும். டிவிக்கு முன்னால் வீல்சேரில் வரிசையாக உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் இரண்டு கைகளையும் கைப்பிடியில் ஊன்றி, முழங்கையை நிமிர்த்தி, சீட்டை விட்டு உடம்பைத் தூக்குவார்கள். கொஞ்ச நேரம் அப்படியே அந்தரத்தில் நிற்பார்கள். பிறகு மெதுவாக உட்கார்ந்து, சீரியலில் அந்த மாமியாரை மருமகள் என்ன செய்யப்போகிறாள் என்கிற விவாதத்தைத் தொடர்வார்கள். கேஸ் சிலிண்டர் போட வந்தவர் ஒருநாள் இதைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னா மேடம், சோப்பு விளம்பரத்துக்கா இத்தினி பேரு எழுந்து மரியாத பண்றாங்க?" என்றார்.

நான் கடலூரில் ஒரு மறுவாழ்வு மையத்தில் 2004-இல் பிசியோதெரபிஸ்டாகச் சேர்ந்தேன். முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே அசைவும் உணர்ச்சியும் போனவர்கள்தான் எங்களிடம் வருவார்கள். என் வேலையின் பெயர் யார் வாயிலும் நுழையாததால், "எக்சர்சைஸ் டீச்சர்" ஆகி, அதுவும் தேய்ந்து வெறும் "டீச்சர்" ஆனேன். மாதா கோயிலில்கூட இப்போது என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஒரு பள்ளிக்கூடத்தில்கூட நான் பாடம் எடுத்ததில்லை.

இப்படித் தூக்குவதற்கு லிஃப்ட் என்று பெயர். அது எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். நீங்களும் நானும் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் வலிக்கும். நம்மை அறியாமலே இப்படி அப்படி நகர்ந்துகொள்வோம். முதுகுத்தண்டு அறுந்தவருக்கு அந்த வலி வராது. உட்காரும் எலும்புக்கு அடியில் ரத்த ஓட்டம் நின்று, தோல் சத்தமில்லாமல் கெட்டுப்போகும். அதுதான் பிரஷர் சோர். கை நுழையும் அளவுக்குக் குழியான புண்களை நான் பார்த்திருக்கிறேன். விபத்தில் பிழைத்தவர்கள் அந்தப் புண்ணில் செத்துப்போனதையும் பார்த்திருக்கிறேன். அதனால் கால் மணிக்கு ஒருமுறை உடம்பைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்று கேட்பவர்களுக்கு, மனசுக்குள் நிதானமாக ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லி முடிக்கிற நேரம் என்பேன். மற்றவர்கள் அவரவர் சாமியைக் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

சொல்லிக் கொடுப்பது ஐந்து நிமிட வேலை. நினைவு வைக்கச் செய்வதுதான் பாடு. வலிக்காத ஒன்றை யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்? கடிகாரத்தைக் காட்டினோம், பெல் அடித்தோம், அதட்டினோம். கடைசியில் விளம்பரம்தான் கைகொடுத்தது. அதைக் கண்டுபிடித்தவர் ஏழுமலை.

2. மைக் செட்காரர்

ஏழுமலை கீரப்பாளையம் பக்கத்து ஊர்க்காரர். மைக் செட் வைத்திருந்தார். மனைவி பெயரில் 'விஜயா சவுண்ட் சர்வீஸ்'. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, எதுவானாலும் சுற்றுவட்டாரத்தில் அவர் செட்டுதான். மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குத் தென்னை மரத்தில் ஏறிக் கூம்பு ஸ்பீக்கர் கட்டும்போது பிடித்திருந்த மட்டை கழன்றுவர, கீழே விழுந்து, முதுகெலும்பு நொறுங்கி, 2007-இல் எங்களிடம் வந்தார். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும்.

வந்தவர் வார்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு முதலில் சொன்னது, "டிவி சவுண்டு கொரகொரன்னு இருக்குது டீச்சர், ஸ்பீக்கரு கிழிஞ்சிருக்கும்" என்பதுதான். மறுவாரம் படுக்கையில் இருந்தபடியே அதைப் பிரித்துச் சரிசெய்துவிட்டார். உட்காரப் பழகியதும் விளம்பர யோசனையைக் கொடுத்தார். கைகள் இரும்பு. மரத்தில் ஏறி ஏறி முறுக்கேறிய கைகள். கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாறுவதை, அதை நாங்கள் டிரான்ஸ்பர் என்போம், மற்றவர்கள் மாதக்கணக்கில் கற்றுக்கொள்வார்கள். இவர் சைக்கிள் ஏறுவது போல ஏறினார்.

அந்த மாதங்களில் அவர் முகம் வாடி நான் பார்த்தது ஒரே ஒருநாள். அந்த மாரியம்மன் கோயில் திருவிழாவை எடுத்து நடத்துகிற பெரியவர் ஒருவர் அவரைப் பார்க்க வந்திருந்தார். சாத்துக்குடியும் கோயில் குங்குமமும் கொண்டு வந்தார். நல்ல மனிதர். அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார். அவர் போன பிறகு ஏழுமலை டிவி பக்கம் வரவே இல்லை. போய்க் கேட்டேன்.

"அவுரு வந்தாருன்னா ஊரே எழுந்து நிக்கும் டீச்சர். எங்கப்பா காலத்துல இருந்து அப்படித்தான். நான் பாட்டுக்குக் கல்லு மாதிரி உக்காந்துகினு இருந்தேன். இனிமே யாரு வந்தாலும் அப்படித்தான?"

எனக்கு அப்போது வாயில் வருவதெல்லாம் ஆறுதல்தான். "மரியாதை மனசுல இருந்தா போதும் ஏழுமலை" என்றேன்.

"மனசுல கீறது வாசல்ல வர்றவங்களுக்கு எப்படித் தெரியும் டீச்சர்?" என்றார்.

அன்றைக்கு வேறு பேஷண்ட் காத்திருந்தது நல்லதாகப் போயிற்று.

3. கரண்ட் போனது

வார்டின் சாம்பியனாக வீட்டுக்குப் போனார். அரசாங்கம் கொடுத்த கலர் டிவி வீட்டில் இருந்தது. விளம்பரத்துக்குக் குறைச்சலில்லை. வீல்சேரில் உட்கார்ந்தபடியே ஆம்ப்ளிஃபயரை ஓட்டலாம், கட்டுகிற வேலையை விஜயாவின் தம்பி பாலு பார்த்துக்கொள்வான் என்று ஏற்பாடு. நான் நிம்மதியாக அவரை மறந்தேன். நன்றாக இருப்பவர்களை மறந்துவிடுவது எங்கள் தொழிலில் வழக்கம்.

2008-இல் மின்வெட்டு ஆரம்பித்தது. அந்தக் காலத்தை அனுபவித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இந்தப் பக்கம் கம்மாபுரம் வரை போனால் நிலக்கரி வெட்டுகிற ஊர்கள், அந்தக் கரியில் ஓடுகிற கரண்டு எங்கெங்கோ போகிறது, நமக்கு மட்டும் விசிறி சுற்றவில்லை என்று பஸ்ஸில் எல்லோரும் திட்டிக்கொண்டு போவார்கள். எனக்கும் அது வெறும் புழுக்கமாகத்தான் இருந்தது. ஏழுமலை ஒரு ஷேர் ஆட்டோவில் குப்புறப் படுத்தபடி வந்து இறங்கும் வரை.

வலது பக்கம், உட்காரும் எலும்புக்கு மேலே புண். தோல் உரிந்து, ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிதாக.

"லிஃப்ட் பண்ணலியா?" என்று கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் வார்டு முழுக்கக் கேட்கும்.

"கரண்டே இல்லியே டீச்சர்" என்றார், என்னமோ நான்தான் ஃபியூஸைப் பிடுங்கியது போல. "டிவி ஓடுனாதான விளம்பரம் வரும்?"

அவர் கேலி செய்யவில்லை. கையும் விளம்பரமும் அவ்வளவு பழகிவிட்டன. டிவி ஓடாத மத்தியானங்களில் பேசாமல் உட்கார்ந்தே இருந்திருக்கிறார். உடம்பும் ஒன்றும் சொல்லவில்லை. விஜயா தலையில் அடித்துக்கொண்டாள். "நான் சொன்னா கேக்க மாட்டாரு டீச்சர். சோப்புக்காரன் சொன்னாதான் கேப்பாரு."

டாக்டர் பார்த்துவிட்டு, ஆறும் வரை குப்புறப் படுக்கணும், சேரில் உட்காரவே கூடாது என்றார். வெளியே வந்து என்னிடம் இன்னொன்றும் சொன்னார். அதே இடத்தில் மறுபடி வந்தால் எலும்பு வரை போகும், உட்கார்ந்து வேலை செய்வதையே மறந்துவிட வேண்டியதுதான்.

அதை ஏழுமலைக்கு எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, கூட வந்திருந்த பாலு முந்திக்கொண்டான். அவன் கெட்ட பிள்ளை இல்லை. மாமா மேல் பிரியம் ஜாஸ்தி, அதுதான் சிக்கல். "மாமா, நீங்க ஊட்ல நிம்மதியா படுங்க. செட்ட நான் பாத்துக்கறேன். புதுசா போர்டு எழுதக்கூடச் சொல்லிட்டேன்" என்றான்.

"போர்டுல இன்னா பேரு?"

பாலு ஜன்னல் பக்கம் பார்த்தான். "பாலு சவுண்ட் சர்வீஸ்" என்றான்.

குப்புறப் படுத்திருந்த ஏழுமலை தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டார். பிறகு தலையைத் தூக்கி, "போர்டு எழுத வேணாம்னு சொல்லு மச்சான். இன்னொரு தபா புண்ணு வந்துச்சுன்னா செட்டு உனுக்கு. நானே எழுதித் தர்றேன். அது வரிக்கும் அவ பேரே இருக்கட்டும்" என்றார்.

விஜயா அங்கேதான் நின்றாள். டிபன் பாக்ஸைக் கழுவ எடுத்துக்கொண்டு போனவள் வெகுநேரம் திரும்பவில்லை.

4. எழவு வீட்டில் குத்துப்பாட்டு

புண் ஆறியது. வாலிப உடம்பு, விஜயா வைத்த மீன் குழம்பு, எங்கள் டிரெஸ்ஸிங், எல்லாமும் சேர்ந்து ஆற்றின. இனிமேல் எது அவருக்கு ஞாபகப்படுத்தும் என்பதுதான் மிச்சம்.

செல்போனில் அலாரம் வைக்கலாம் என்றேன். பெரிய கண்டுபிடிப்பு செய்தவள் போல நானே கால் மணிக்கு ஒருமுறை அடிக்கும்படி வைத்துக் கொடுத்தேன். என்ன பாட்டு வைப்பது என்பதை அவர் மகள் முடிவு செய்தாள். ஏழு வயசுக்காரி, ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்த ஒரு குத்துப்பாட்டை வைத்தாள். ஏழுமலை அந்த வாரம் ஒரு எழவு வீட்டுக்குப் போனார். மாலை போடும் நேரம். எல்லோரும் தலைகுனிந்து நிற்கிறார்கள். பாட்டு ஆரம்பித்தது.

"ஓடவும் முடியாது டீச்சர்" என்றார் போனில். "வீல்சேரு கயித்துக் கட்டில்ல மாட்டிகிச்சு."

நான் சிரித்ததில் டீ மூக்கில் ஏறிவிட்டது. ஆனால் அலாரம் அன்றோடு போயிற்று. வைப்ரேஷனில் வைக்கச் சொன்னேன். தொடை மேல் வைத்தால் தெரியாது, சட்டைப் பையில் வைத்தால் கூச்சம் என்றார். அந்தக் கூச்சம் என்று அவர் சொன்னதில்தான் உண்மை வெளியே வந்தது. வீட்டில் எப்படியோ விஜயா கத்திக் கத்திச் செய்ய வைத்தாள். நாலு பேர் மத்தியில் அவருக்கு லிஃப்ட் செய்யவே பிடிக்கவில்லை.

"எல்லாம் பாக்கறாங்க டீச்சர். இன்னாப்பா, ஒண்ணுக்கு வருதான்னு கேக்கறான் ஒருத்தன்."

மைக் செட்காரரின் வேலையே நாலு பேர் மத்தியில்தான். நாலு பேர் முன்னால் தூக்கவில்லை என்றால் புண் வரும். புண் வந்தால் செட்டு பாலுவுக்கு. எனக்குத் தெரிந்த எக்சர்சைஸ் எதுவும் கூச்சத்துக்கு உதவாது.

5. மண்டப வாசல்

இந்த நேரத்தில் அந்தப் பெரியவர் வீட்டில் கல்யாணம் வந்தது. மகன் வயிற்றுப் பேத்திக்கு. சிதம்பரத்தில் வடக்கு வீதிப் பக்கம் ஒரு மண்டபம். "செட்டு ஏழுமலதான்" என்று பெரியவர் சொல்லிவிட்டார். காலை முகூர்த்தத்தைப் பாலு பார்த்துக்கொள்வான், முந்தின நாள் சாயந்திரம் ரிசப்ஷனுக்கு ஏழுமலை உட்காருவார் என்று பேசிக்கொண்டார்கள். விபத்துக்குப் பிறகு அவர் உட்காரும் முதல் பெரிய வேலை. நாலு மணி நேரமாவது சேரிலேயே இருக்க வேண்டும்.

என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பஸ்ஸில் போனது கல்யாணத்துக்கு இல்லை. அவர் தூக்குகிறாரா என்று பார்க்கத்தான்.

ஆம்ப்ளிஃபயர் மேஜையை மண்டப வாசலை ஒட்டிப் போட்டிருந்தார்கள். சந்தனம், கல்கண்டு, பன்னீர்ச் செம்பு வைத்த மேஜைக்குப் பக்கத்தில். புது சட்டை, நெற்றியில் விபூதி, கழுத்தில் ஹெட்போன். ஏழுமலை ராஜா மாதிரி இருந்தார். சவுண்டும் அருமை. ஆனால் தூக்கவில்லை. கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று. நான் தூரத்து நாற்காலியிலிருந்து இரண்டு கையையும் ஊன்றி ஜாடை காட்டினேன். என் பக்கத்திலிருந்த அம்மா, "முதுகு புடிச்சிருக்காங்க?" என்று அக்கறையாகக் கேட்டாள். ஏழுமலை என்னைப் பார்த்தார், பார்க்காதது போல ஹெட்போனைத் திருகினார். எனக்கு எழுந்து போய் நாலு அறை விடலாம் போல இருந்தது. பயமாகவும் இருந்தது. அந்த ஒரு ரூபாய்க் காசுப் புண் கண்ணிலேயே நின்றது.

அப்போதுதான் பெரியவர் உள்ளே வந்தார். மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்க வெளியே போயிருந்தவர். வாசல் பக்கம் இருந்த அத்தனை பேரும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள். ஏழுமலை யோசித்துச் செய்ததாகத் தெரியவில்லை. கை தானாகக் கைப்பிடிக்குப் போயிற்று. முழங்கை நிமிர்ந்தது. உடம்பு சீட்டை விட்டு எழும்பி நின்றது.

பெரியவர் நின்றுவிட்டார். அவசரமாக வந்து அவர் தோளில் கை வைத்தார்.

"அட, உக்காருப்பா ஏழுமல. நீ எதுக்கு எழுந்துகினு. பரவால்ல, உக்காரு உக்காரு."

"இருக்கட்டும்ங்க" என்றார் ஏழுமலை. உட்காரவில்லை. பெரியவர் நாலு அடி தள்ளிப் போகும் வரை அந்தக் கைகளில் நின்றார். பிறகு மெதுவாக இறங்கினார். நான் மனசுக்குள் 'அருள் நிறைந்த மரியே' சொல்லி முடித்திருந்தேன். கண் நிறைந்துவிட்டது, சொல்வதற்கென்ன.

அவர் என் பக்கம் திரும்பினார். சிரித்தார். வார்டில் பெரியவர் வந்து போன அன்று தொலைந்த சிரிப்பு.

அதற்குப் பிறகு மனிதரைப் பிடிக்க முடியவில்லை. சித்தப்பா வந்தால் தூக்கினார். ஊர்ப் பிரசிடெண்ட் வந்தால் தூக்கினார். பால் கேனோடு வந்தவருக்கும் தூக்கினார். வந்தவர்கள் எல்லோரும் "உக்காருங்க, உக்காருங்க" என்று பதறிக் கும்பிட்டார்கள். ஒருவர்கூட ஒண்ணுக்கு வருதா என்று கேட்கவில்லை. கடைசியில் நான் போய், "தோளு போயிடும், கொஞ்சம் மரியாதையக் கொறச்சுக்கோங்க" என்று காதில் சொல்ல வேண்டியதாயிற்று.

சாப்பாட்டுப் பந்தி ஆரம்பித்ததும் வாசல் காலியாகிவிட்டது. எல்லோரும் சாப்பாட்டு ஹாலில் இலைக்கு முன்னால். யாரும் உள்ளே வரவில்லை. ஏழுமலை பாட்டுக்குள் மூழ்கிவிட்டார். நான் எழுந்து போவதற்குள் பாலு என்னைத் தாண்டிப் போனான். ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தவன் எல்லாவற்றையும் கவனித்திருக்கிறான். நேராக வாசலுக்கு வெளியே போனான். வேட்டியை இறக்கிவிட்டான், தலையைக் கையால் வாரினான், துண்டை எடுத்துத் தோளில் போட்டான். பெண் எடுக்க வந்த சம்பந்தி தோரணையில் உள்ளே நடந்து வந்து மேஜைக்கு முன்னால் நின்றான்.

"மாமா, மச்சான் வந்துகீறேன். எழுந்திரிக்க மாட்டீங்களா?"

"டேய், போடா" என்று சொல்லிக்கொண்டே ஏழுமலை தூக்கினார்.

"ஆங். உக்காருங்க, உக்காருங்க" என்றான் பாலு, பெரியவர் குரலில்.

பந்தி முடியும் வரை பாலு கால் மணிக்கு ஒருமுறை வெளியே போய் வெளியே போய் வந்துகொண்டிருந்தான். ஒவ்வொரு முறையும் தோரணை கூடியது. கடைசி முறை யாரிடமோ கடன் வாங்கிய கூலிங் கிளாஸோடு வந்தான். சொந்த போர்டு எழுதச் சொன்னவன் அவன்தான் என்று சொன்னால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

மறுநாள் காலை வார்டில் இருக்கும்போது போன் வந்தது. விஜயா. தினமும் காலையில் கண்ணாடி வைத்து அவருக்குத் தோல் பார்ப்பது அவள் வேலை.

"நல்லா வெளிச்சத்துல பாத்துட்டேன் டீச்சர். செவப்பே இல்ல" என்றாள். "தம்பி முகூர்த்தம் முடிஞ்ச கையோட போர்டுக்காரன் கிட்ட போயிருக்கான். எம் பேர புது பெயிண்ட்ல எழுதச் சொல்லியிருக்கானாம்."

6. விஜயாவுக்கு

அதற்குப் பிறகு 2011-இல் ஒருமுறை அந்தப் பக்கம் வீட்டு விசிட் போனபோது அவர்கள் வீட்டில் நுழைந்தேன். அப்போதும் கரண்ட் இல்லை. டிவி இருட்டாக இருந்தது. ஏழுமலை என்னைப் பார்த்ததும் கையை ஊன்றித் தூக்கினார்.

"உக்காருங்க. இது எனக்கா, புண்ணுக்கா?" என்று கேட்டேன்.

"ரெண்டுக்குந்தான் டீச்சர்."

புண் மறுபடி வரவே இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போது விஜயா டீ டம்ளர்களோடு சமையலறையிலிருந்து வந்தாள். ஏழுமலை மறுபடியும் தூக்கினார். அவள் டம்ளரை என்னிடம் கொடுக்கும் வரை அப்படியே நின்றார். அவள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவு பழகியிருந்தது. நான்தான் வாயைப் பிளந்துகொண்டிருந்தேன்.

"ஊட்டுக்குப் பெரியவங்க எங்க டீச்சர் தெனம் வர்றாங்க?" என்றாள் விஜயா, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு. "அதான் நான் ரூமுக்குள்ள வந்தா எழுந்திரிக்கணும்னு சொல்லிட்டேன். மொதல்ல மொனகுனாரு. இந்த ஊருல பொண்டாட்டி வந்தா எழுந்து நிக்கற ஆம்பள இவுரு ஒருத்தருதான். எல்லாருக்கும் கால் இருக்குது, இன்னாத்துக்கு?"

ஏழுமலை டீயை ஊதிக்கொண்டு சிரித்தார்.

இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் எப்போதாவது பேசக் கூப்பிடுவார்கள். கால் மணிக்கு ஒரு லிஃப்ட் என்று சார்ட்டில் எழுதுங்கள், அது சரிதான், மருத்துவம் அதைத்தான் சொல்கிறது என்பேன். எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிட்டு, பேஷண்டிடம் இன்னொன்று கேளுங்கள் என்பேன். "நீங்க யாரு வந்தா எழுந்து நிக்கணும்னு ஆசைப்படறீங்க?"